முன்னால் போன முதுகு

அவுஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னியில், ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் கட்டடத்தின் மேல்மாடி ஃபிளாட்டில் குடியிருந்தோம். சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகளைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலை வரை தெருவில் ஆள் அரவம் இராது. தமிழ் பேசுகிற அடுத்த வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு ரயில் மாறவேண்டும்.

என் கணவர் தண்ணீர்ப் பம்புகள் செய்கிற ஒரு கம்பனியில் எஞ்சினியர். எனக்கு ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிற வேலை. இரண்டு பேருமே அதிகம் கதைக்காதவர்கள். கல்யாணமான சூட்டோடு கப்பல் ஏறியவர்கள் என்றாலும், ஒரு மேசையில் எதிரும் புதிருமாக இருந்து, கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கச் சாப்பிட்டு முடித்த நாட்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்தன. சண்டை ஒன்றும் இல்லை. என்ன கதைப்பதென்று தெரியாததுதான்.

அவருடைய கம்பனிக் கந்தோரில் இருந்த வெள்ளைக்காரர் சிலர் சனி ஞாயிறுகளில் காட்டுப் பாதைகளில் நடக்கப் போகிறவர்கள். அவர்களைப் பார்த்து இவரும் ஒரு நாள் புளூ மவுண்டன்ஸ் பகுதியின் வரைபடம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். உயரக் கோடுகள் நெருக்கமாகப் போட்ட பெரிய தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை மேசையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிற இடங்களை விரலால் தொட்டுக் காட்டி, "இதில நிலம் அப்பிடியே செங்குத்தா விழுது, பாரும்" என்பார். அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது.

எனக்கு நடப்பதற்கு உடுப்பு இருக்கவில்லை. சீலையோடு மலையில் இறங்க முடியாது. அவருடைய பழைய காற்சட்டை ஒன்றை இடுப்பில் மடித்து, பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டு இறுக்கி, பின்னலைச் சுருட்டிக் கம்பளித் தொப்பிக்குள் தள்ளிக்கொள்வேன். முதல் நாள் கண்ணாடியில் பார்த்தபோது யாரோ ஒரு மெலிந்த பொடியன் நிற்பதுபோல இருந்தது. ரயிலில் என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சீலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற நாட்களில் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு நடக்கப் போவது பிடித்துவிட்டது.

நான் சொல்ல வந்த சனிக்கிழமை குளிர்காலத்தில், ஜூலையில் வந்தது. பிளாக்ஹீத் ஸ்டேஷனில் இறங்கி, தார் ரோட்டில் நெடுந்தூரம் நடந்து, பாதை தொடங்குகிற இடத்துக்குப் போனோம். அங்கே ஒரு கார் நின்றது. சாம்பல் நிற ஸ்டேஷன்வாகன். அதன் கூரையில் ஓர் ஏணி கட்டியிருந்தது. கண்ணாடியில் பனி உருகிச் சொட்டுச் சொட்டாக நின்றது. "எங்களுக்கு முன்னமே ஆரோ வந்திட்டினம்" என்றார் இவர். உள்ளே யாரும் இல்லை. நாங்கள் அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மேலே நிற்கும்போது அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. காய்ந்த பற்றைகளும் யூக்கலிப்டஸ் மரங்களுமாக ஒரு சாதாரண காடு. பாதை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பிறகு பாறையில் வெட்டிய படிகள். ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சம் ஒரு பங்கு குறையும். கீழே போனால், இரண்டு பக்கமும் மணற்பாறைச் சுவர்கள் தலைக்கு மேல் கிட்டக்கிட்ட வந்து, வானம் ஒரு சீலைக் கரை அகலத்துக்கு ஒடுங்கிவிடும். சுவரெல்லாம் பாசி. ஆள் உயரத்துக்கு, இறகு மாதிரி ஓலை விரித்த மரப்பன்னங்கள். நிலம் எந்தக் காலத்திலும் காயாத ஈரம். பாதை, சுவரின் இடுப்பில் வெட்டிவிட்ட ஒரு விளிம்பு மாதிரிப் போகும். அதற்குக் கீழே இன்னொரு பிளவு. அதன் அடியில் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும், தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது.

அன்று உள்ளே மூடுபனி இறங்கியிருந்தது. இவர் முன்னால் போனார். கடல்நீல நிறத்தில், கழுத்துவரை மூடிய ஒரு சுவெற்றர் போட்டிருந்தார். நான் பின்னல் வகுப்புக்குப் போய்ப் பழகி, முதன்முதலாகப் பின்னியது. முதுகில் ஓரிடத்தில் கண்ணி விட்டுப்போய் ஒரு வரி கோணலாக ஓடும். அவர் அதைக் கவனித்ததில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கோணல் வரியைப் பார்த்தபடி நான் பின்னால் நடப்பேன்.

பாதி தூரத்தில் ஓர் இருமல் கேட்டது.

ஆண்பிள்ளையின் இருமல். இரண்டு முறை. கிட்டத்தில் கேட்டதுபோலவும் தூரத்தில் கேட்டதுபோலவும் இருந்தது. நான் நின்றேன். "கேட்டதே?" என்றேன்.

"லயர்பேர்ட்" என்றார் இவர், திரும்பாமலே. அது அந்தக் காடுகளில் இருக்கிற, கோழி அளவான ஒரு பறவை. மற்றப் பறவைகளின் குரலை மட்டுமல்ல, கோடரி வெட்டுகிற சத்தம், கமெரா சத்தம் எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டும் என்று கந்தோரில் சொல்லியிருந்தார்கள். "மனிசர் இருமிறதையும் செய்யுமோ?" என்று கேட்டேன். "செய்யும்போல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதற்குப் பிறகு எந்தப் பறவைச் சத்தமும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் மனதில் பட்டது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

ஓரிடத்தில் பாறை மேலே கூரைபோலக் கவிந்து, பாதை கிட்டத்தட்ட இருட்டுக்குள் போனது. அதன் வாசலில் என் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தது. நான் குனிந்து கட்டினேன். விரல்கள் விறைத்திருந்தபடியால் கட்டச் சுணங்கியது. நிமிர்ந்தபோது இவருடைய முதுகு அந்த இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. நீலச் சுவெற்றர், தோளில் பை. நானும் எழும்பிப் பின்னால் போனேன்.

"இஞ்சருங்கோ, கொஞ்சம் மெதுவாப் போங்கோவன்" என்றேன். பதில் இல்லை. அவர் பதில் சொல்லாதது எனக்குப் புதிதல்ல. கொஞ்சம் கோபம் வந்தது. எட்டி நடந்தேன். என்ன வேகத்தில் போனாலும் அந்த முதுகு அதே தூரத்தில் இருந்தது. பாறைக் கூரை முடிந்து கொஞ்சம் வெளிச்சம் வந்த இடத்தில் அவர் இடது பக்கம் திரும்பினார். அங்கே பன்னங்களுக்கு இடையில் ஓர் ஒடுங்கிய தடம் போனது. நானும் திரும்பினேன். பன்னம் முகத்தில் ஈரமாக அடித்தது. முன்னால் போனவர் ஒரு பன்னத்தையும் அசைக்கவில்லை என்பதை நான் பார்த்தேன். பார்த்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. கண் ஒன்றைக் காணும், புத்தி பிறகுதானே வந்து சேரும்.

சுவெற்றரின் முதுகைப் பார்த்தேன். வரிகள் எல்லாம் நேராக இருந்தன.

அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "எங்க போறீர்? அது பாதை இல்லை. நில்லும். அசையாதையும்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் திடுக்கிட்டு ஓர் எட்டு வைத்திருப்பேன். சுவரில் ஆணி அடிக்கிறவர் மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் நின்றேன். கீழே பார்த்தேன். என் சப்பாத்தின் முன்பக்கம் பாசியில் இருந்தது. பாசிக்கு அப்பால் நிலம் இல்லை. அந்தப் பிளவு வாயைத் திறந்துகொண்டு இருந்தது. பன்னங்கள் இரண்டு பக்கமிருந்தும் கவிந்து அதை மூடியிருந்தபடியால் நான் கண்டிருக்கவில்லை.

முன்னால் யாரும் இல்லை.

இவர் வந்து என் பையின் வாரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "நான் சுவரோரமா வரைபடத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். நீர் என்னைத் தாண்டிப் போறீர்" என்றார். நான் அவரைத் தாண்டிப் போனதை உணரவே இல்லை. "நீங்கள்தான் முன்னால போனியள்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

அப்போது அந்த இருமல் மறுபடி கேட்டது. எங்கள் காலுக்குக் கீழே இருந்து.

இவர் குப்புறப் படுத்து, பன்னத்தை விலக்கிப் பார்த்தார். கீழே, இரண்டு ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில், ஒரு பாறைத் தட்டில் ஒரு மனிதர் கிடந்தார். மழைக்கோட்டைத் தலைவரை இழுத்துப் போர்த்தியிருந்தார். ஒரு கால் நேராக இல்லை. இவர் ஆங்கிலத்தில் கூப்பிட்டதும் கோட்டை விலக்கி மேலே பார்த்தார். வெள்ளைக்காரர், நடுத்தர வயது, தாடி மயிரெல்லாம் ஈரம். முந்தின நாள் விழுந்தவராம். இரவு முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறார். பாதை தொடங்குகிற இடத்தில் நின்ற கார் அவருடையது.

இவர் சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு சரிவு இருப்பதைக் கண்டார். அதன் வழியாக இரண்டு பேரும் குந்தியிருந்து வழுக்கி, அந்தத் தட்டுக்கு இறங்கினோம். நான் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே முறிந்திருந்தது. தோல் கிழியவில்லை. கை பனிக்கட்டி. தூக்கிக்கொண்டு ஏறுவது முடியாத காரியம்.

"ஒராள் போய் உதவி கொண்டுவர வேணும்" என்றார் இவர்.

"நீங்கள் போங்கோ. நீங்கள்தான் கெதியா ஏறுவியள். நான் இவரோட இருக்கிறன்."

அவர் தயங்கினார். மேலே அந்தப் பன்னங்களைப் பார்த்தார். பிறகு என்னிடம், "நான் வருமட்டும் இந்த இடத்தை விட்டு எழும்பக் கூடாது. ஆர் கூப்பிட்டாலும். நான் கூப்பிட்டாலும்" என்றார்.

அது ஒரு விசித்திரமான புத்திமதி. அப்போது நான் அதைக் கேள்வி கேட்கவில்லை. "ஓம்" என்றேன். அவர் ஏறிப் போனார். கொஞ்ச நேரம் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் மட்டும்.

என் வாழ்நாளில் நான் கழித்த மிக நீளமான பகல் அது. பிளாஸ்கில் தேத்தண்ணி இருந்தது. மூடியில் ஊற்றி அந்த மனிதரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. குடிக்கவேண்டும் என்கிற ஆசை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது, ஆனால் கை வரவில்லை. என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். கறுப்பு மனிசியின் கையால் வாங்க மனமில்லையாக்கும் என்று நினைத்தேன். அந்த நாட்களில் அதுவும் நடக்கிறதுதான். மூடியைப் பாறையில் வைத்துவிட்டுத் தள்ளி இருந்தேன். அப்போதுதான் எடுத்துக் குடித்தார்.

ரொட்டியைச் சம்பலோடு சுற்றிக் கொண்டுபோயிருந்தோம். சம்பலை வழித்துவிட்டு ரொட்டியை மட்டும் பாறையில் வைத்தேன். அதையும் சாப்பிட்டார். என் கோட்டைக் கழற்றி அவர் மேல் போட எழும்பியபோது அவர் உடம்பு முழுக்கச் சுருங்கியது. அந்தச் சுருங்கலைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இது நான் நினைத்த விஷயம் இல்லை. அந்த மனிதர் என்னைக் கண்டு பயப்படுகிறார்.

"நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "உங்களுக்குக் குளிர் ஏறாமல் பார்க்கவேண்டும். அதற்குத்தான்."

அவர் கோட்டை மேலே போட விட்டார். பிறகு கேட்டார். "ஏன் நேற்று நீ ஒன்றும் செய்யவில்லை?"

"நேற்றா?"

"நேற்று நீ வந்தாய். அங்கே நின்றாய்." கண்ணால் மேலே, நாங்கள் எட்டிப் பார்த்த இடத்தைக் காட்டினார். "நான் கூப்பிட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். வெளிச்சம் போகும்வரை நின்றாய். பிறகு திரும்பிப் போனாய்."

நான் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. குளிர் ஏறினால் புத்தி தடுமாறும் என்பது எனக்குத் தெரியும். "நேற்று வெள்ளிக்கிழமை. நான் சிட்னியில் வேலையில் இருந்தேன். இந்த இடத்துக்கு இன்றைக்குத்தான் முதல்முறை வருகிறேன்" என்றேன்.

அவர் வாதாடவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பிதற்றுகிற நோயாளி என்றால் வாதாடுவான், அழுவான். இந்த மனிதர் நான் சொன்னதைக் கேட்டு, அதை மனதுக்குள் எங்கோ வைத்துவிட்டு, மேலே பார்த்தபடி கிடந்தார்.

கதை கொடுத்து வைத்திருக்கவேண்டும், நித்திரையாகவிடக் கூடாது என்று, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன். அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவராம். காலையில் தூறல் விழுந்ததால் வேலையை விட்டுவிட்டு நடக்க வந்தாராம். "அதுதான் பாதை என்று நினைத்தேன். முன்னால் ஓர் ஆள் போய்க்கொண்டிருந்தது."

"யார்?"

"முகத்தைப் பார்க்கவில்லை. முதுகைத்தான் பார்த்தேன். என் அண்ணனுடைய நடை. என் அண்ணன் மேற்கு அவுஸ்திரேலியாவில் இருக்கிறான். சுகமாக இருக்கிறான். இங்கே வர அவனுக்கு ஒரு காரணமும் இல்லை."

நான் எதைப் பின்தொடர்ந்து வந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேருமே அங்கே இருந்திருக்க முடியாது.

பின்னேரம் ஆக ஆக மேலே தெரிந்த அந்த வானத்துண்டு சாம்பலாகியது. அப்போது ஒரு முறை என் பெயர் கேட்டது. என் கணவரின் குரல், மேலே பன்னங்களுக்கு அந்தப் பக்கம் இருந்து. ஒரே ஒரு தரம். அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் இல்லை. "இஞ்ச" என்பார், "கேட்டீரே" என்பார். நான் எழும்பவில்லை. அந்த மனிதர் என் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை அவர் சுருங்கவில்லை.

உண்மையான ஆட்கள் வந்தபோது அவர்கள் வருவது நல்ல தூரத்திலேயே தெரிந்தது. விசில் ஊதினார்கள், ரோர்ச் வெளிச்சம் சுவரில் அசைந்தது, யாரோ வழுக்கி விழுந்து கெட்ட வார்த்தை சொன்னார். அந்தக் கெட்ட வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. பொலிஸ்காரர்களும் அந்த ஊரில் தேடுதலுக்கென்று இருக்கிற தொண்டர்களுமாகக் கயிறு, படங்கு, தூக்குக் கட்டில் எல்லாம் கொண்டுவந்தார்கள். இவர் அவர்களுக்கு முன்னால் வந்தார். "நான்தான்" என்றார். நான் முதலில் அவரைத் திரும்பி நிற்கச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பினார். ரோர்ச் வெளிச்சத்தில் அந்தக் கோணல் வரியைப் பார்த்தேன். பிறகுதான் எழும்பினேன்.

அந்தப் பெயின்ட்காரர் பிழைத்துக்கொண்டார். காலில் உலோகத் தகடு வைத்தார்களாம். வசந்தகாலத்தில் ஒரு நாள், எங்கள் விலாசத்தைப் பொலிஸில் கேட்டு எடுத்துக்கொண்டு, மனைவியோடு எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். தங்கள் வீட்டு மரத்து எலுமிச்சம்பழங்கள் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். என் கணவர்தான் கதவைத் திறந்து அவர்களை இருத்தியிருக்கிறார். நான் வேலையால் வரக் கொஞ்சம் சுணங்கிவிட்டது.

வேலைக்குக் கட்டிய சீலையோடு நான் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது அந்த மனிதர் கதிரையை விட்டு எழும்பினார். கைத்தடியை விட்டுவிட்டு எழும்பியதால் மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மரியாதைக்கு எழும்புகிறார் என்று நினைத்து, "இருங்கள், இருங்கள்" என்றேன். அவர் இருக்கவில்லை.

"தயவு செய்து ஒருமுறை திரும்பி நிற்பாயா?" என்று கேட்டார்.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "எதற்கு?" என்று கேட்டார். நான் திரும்பி நின்றேன். ஏன் நின்றேன் என்றால், அதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன்.

"ஓம், இதுதான்" என்ற மாதிரி அவர் மூச்சு விட்டது கேட்டது. வெள்ளிக்கிழமை தான் கண்ட பெண் காற்சட்டை போட்டிருக்கவில்லை என்றார். தோளிலிருந்து பின்னால் தொங்குகிற நீளமான மஞ்சள் துணி. இடுப்புவரை ஒற்றைப் பின்னல். அப்படி ஓர் உடுப்பை அதற்கு முன் தான் நேரில் பார்த்ததே இல்லை என்றார். "அவள் அந்தத் துணிக்குக் கீழே சாம்பல் நிற சொக்ஸ் போட்டிருந்தாள். அதை வைத்துத்தான் அது கனவு இல்லை என்று நினைத்தேன். கனவில் யார் சொக்ஸ் போடுவார்கள்?"

அவருடைய மனைவி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் அன்றிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், நேரில் கண்டால் மனம் ஆறும் என்று கூட்டிக்கொண்டு வந்தேன் என்றாள். நான் தேத்தண்ணி போட்டேன். குசினிக்குள் நின்று, அந்த வெள்ளிக்கிழமை என்ன கட்டியிருந்தேன் என்று யோசித்தேன். அது யோசிக்கவேண்டிய விஷயமே இல்லை. எனக்கு வேலைக்கென்று இருந்த நூல் சீலைகள் சொற்பம். வெள்ளிக்கிழமைக்கு மஞ்சள். குளிர்காலம் முழுக்க என் கணவருடைய சாம்பல் நிறக் கம்பளி சொக்ஸைத்தான் உள்ளே போட்டுக்கொண்டு போவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அன்று மத்தியானம் ஆய்வுகூடத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். காலையும் நினைவிருந்தது, வீட்டுக்கு வந்ததும் நினைவிருந்தது. நடுவில் ஒன்றும் வரவில்லை. மாதக்கணக்கானதில் அது இயல்புதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த மனிதர் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக் குடித்தார்.

அவர்கள் போன பிறகு இவர் கடுமையாகச் சொன்னார். "அந்தாள் உம்மை ரயிலில எங்கையோ கண்டிருக்கும். காய்ச்சலில எல்லாம் கலந்துபோச்சு. மற்றது, குளிர் ஏறினவைக்கு ஆக்கள் தெரியிறது புதினம் இல்லை. இதை மனசில வைச்சிராதையும்."

நான் தலையாட்டினேன். நான் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி எண்ணுகிறவள். பேய் பிசாசு என்று பேசுகிற வீட்டில் நான் வளரவில்லை. அவர் சொன்னது எனக்கும் வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் பேச்சு எழவில்லை. நடக்கப் போவதும் நின்றுபோனது. வரைபடம் அலுமாரிக்கு மேலே போனது.

இரண்டொரு வருடம் கழித்து அவருக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தது. அதற்குள் ஒரு பழைய கார் வாங்கியிருந்தோம். சாமான்களை முன்னால் அனுப்பிவிட்டு, இரண்டு பேருமாக ஹியூம் நெடுஞ்சாலையில் தெற்கே ஓடினோம். கோல்பேர்ன் தாண்டி, வெட்டவெளியில், செம்மறிகளும் வேலிகளும் மட்டும் இருக்கிற இடத்தில், ஒரு பேச்சுத் தொடர்ச்சியும் இல்லாமல் அவர் சொன்னார்.

"அண்டைக்கு நான் உம்மைக் கூப்பிடேக்க, உமக்கு முன்னால ஒராள் நிண்டது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் கண்டனீங்களே?"

"ஓம். கண்டனான்."

"ஏன் அப்ப சொல்லேல்லை?"

"சொன்னா நீர் அந்த இடத்தில தனிய இருந்திருக்க மாட்டீர். அந்தாளும் செத்திருக்கும்." கொஞ்ச தூரம் ஓடினார். "பிறகு சொல்லியிருக்கலாம். பிறகு எனக்குப் பயமாப் போச்சு."

"எங்க நிண்டது?"

"நீர் நிண்ட இடத்துக்கு அங்கால."

அங்கால நிலம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"என்ன போட்டிருந்தது?"

"என்ரை சுவெற்றர்" என்றார். "என்ரை பை. என்ரை தலைமயிர். ஒரு மனிசன் தன்ரை முதுகைப் பாக்க ஏலாது. ஆனா கண்ட உடன தெரிஞ்சுது, அது என்ரை முதுகு."

கார் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அது என்னைக் கொல்லக் கூட்டிக்கொண்டு போனதா, அந்த மனிதரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனதா? அதைக் கேட்க வாய் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "எனக்குத் தெரியாது. நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து, நான் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்னது அதுதான் முதல்முறை.

அன்று மெல்பேர்ன் போய்ச் சேரும்வரை கதைத்துக்கொண்டே போனோம். அந்தப் பள்ளத்தைப் பற்றி மட்டும் இல்லை. அவருடைய பள்ளிக்கூடம், என்னுடைய ஹொஸ்டல், கப்பலில் எனக்கு வாந்தி வந்த நாட்களில் அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தளத்தில் நடந்துகொண்டிருந்தது, எல்லாம். தொண்டை கட்டுகிற அளவுக்குக் கதைத்தோம்.

மெல்பேர்னிலும் மலைகள் கிட்டத்தான். டண்டினோங் பக்கம் மறுபடி நடக்கத் தொடங்கினோம். யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் எங்களுக்குள் வந்திருந்தது. பாதை ஒடுங்கி, ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டிய இடங்களில், முன்னால் போகிறவர் வாய் ஓயாமல் எதையாவது சொல்லிக்கொண்டே போகவேண்டும். என் கணவர் அதிகம் கதைக்காதவர் என்று சொன்னேனே. என்ன கதைப்பதென்று தெரியாமல், ஒரு பம்ப் தண்ணீரை எப்படி மேலே தூக்குகிறது என்று பகுதி பகுதியாக விளக்கிக்கொண்டு போவார். வால்வு எங்கே திறக்கும், எங்கே மூடும், காற்றுப் புகுந்தால் என்ன ஆகும். எனக்கு அதில் பாதி விளங்காது. ஈரப் பன்னங்களை விலக்கிக்கொண்டு, அந்தக் குரலைக் கேட்டபடி பின்னால் போவேன்.